சின்ன லேத் வாங்கியாயிற்று, அப்புறம்? பெட்டி பிரிப்பதிலிருந்து முதல் ஜாப் வரை

ஏழு இஞ்ச் மினி லேத் என்ற பெயரில் விற்கும் சின்னக் கடைசல் இயந்திரத்தை வாங்கி மாடி அறையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ வைத்துக்கொள்பவர்கள் இப்போது நிறைய. விற்பவர் பெயரும் பெயின்ட் நிறமும் மாறும். உள்ளே பெரும்பாலும் ஒரே சீன வடிவமைப்புதான். பெட் என்ற அடிப்படுக்கைக்கு மேலே சுமார் 180 மி.மீ. விட்டமுள்ள பொருள் வரை சுழலும். பொருளை இரு முனையிலும் தாங்கும் இரண்டு சென்டர்களுக்கு நடுவே 300 முதல் 350 மி.மீ. இடம் கிடைக்கும். பொருளைச் சுற்றும் அச்சான ஸ்பிண்டிலின் துளை 20 மி.மீ., எடை 40 கிலோவை ஒட்டி. பட்டறையில் ஆறடி லேத்தில் வேலை பார்த்தவருக்கு இது விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். ஆனால் ஒழுங்காகச் சரிசெய்து வைத்தால் 0.02 மி.மீ. துல்லியத்தில் வேலை வாங்கலாம்.

அந்த ‘ஒழுங்காகச் சரிசெய்து’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய லேத் அரை டன்னுக்குக் குறையாது. வெட்டும் டூலை எப்படி மாட்டினாலும் தன் எடையாலேயே சமாளித்துவிடும். சின்ன லேத்துக்கு அந்த வசதி இல்லை. இதில் வேலை கெடுவது பெரும்பாலும் மோட்டாருக்குப் பலம் போதாமல் அல்ல, எங்கேயோ ஓர் இடத்தில் ஆட்டம் இருப்பதால். மேசையில் ஆட்டம், டூலை நகர்த்தும் ஸ்லைடில் ஆட்டம், நீளமாக நீட்டி மாட்டிய டூலில் ஆட்டம். கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இந்த ஆட்டத்தை எடுக்கிற வேலைதான். பெட்டி வந்த அன்றே உலோகச் சுருள் பறக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் சலிப்பாக இருக்கும்.

மேசை

ஆங்கிள் இரும்பில் வெல்டிங் செய்த மேசை நல்லது. மேலே இரண்டு 18 மி.மீ. பிளைவுட்டை ஒட்டிப் போட்டால் போதும். முடிந்தால் மேசையைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள். உயரத்தைப் பொறுத்தவரை, நிமிர்ந்து நின்றால் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடி முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். இதற்குக் குறைந்தால் ஒரு மணி நேரத்தில் முதுகு சொல்லிவிடும்.

லேத்தோடு நான்கு ரப்பர் கால்கள் வரும். அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, அதே துளைகளில் போல்ட் போட்டு மேசையோடு நேராக இறுக்குவதே என் பரிந்துரை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கக் கூடாது. மேசை சற்றே கோணலாக இருந்தால், போல்ட் இறுக இறுக லேத்தின் பெட்டும் மேசையோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். வார்ப்பிரும்பு வளையாது என்று நினைக்காதீர்கள். நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கில் தாராளமாக வளையும். முதலில் லேத்தைச் சும்மா வைத்து, எந்த மூலை தூக்கி ஆடுகிறது என்று கையால் அழுத்திப் பாருங்கள். ஆடும் மூலைக்கடியில் மெல்லிய தகட்டைப் பேக்கிங் கொடுத்து, நான்கு காலும் அமர்ந்த பிறகு போல்ட்டை இறுக்குங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இந்த நுணுக்கத்துக்குப் பற்றாது. சரியான சோதனை லேத்திலேயே வெட்டிப் பார்ப்பதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

விளக்கு மேலிருந்து ஒன்று, டூல் முனை பக்கமாக ஒன்று வேண்டும். மலிவான சில விளக்குகளின் ஒளி மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும். அந்த வெளிச்சத்தில் பொருளைப் பிடித்துச் சுற்றுகிற சக் நின்றுவிட்டது போலவோ மெதுவாகச் சுற்றுவது போலவோ தெரியலாம். அப்படித் தெரிந்தால் விளக்கை மாற்றுங்கள்.

கழுவித் துடைப்பது

இயந்திரம் முழுக்கச் சிவப்பாகவோ பழுப்பாகவோ கிரீஸ் அப்பியிருக்கும். அது கப்பலில் வரும்போது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது, மசகு கிடையாது. அதோடு ஓட்டக் கூடாது. மண்ணெண்ணெயிலோ டீசலிலோ பழைய பெயின்ட் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து எடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் தீ இருக்கக் கூடாது. தண்ணீர் பக்கமே போக வேண்டாம்.

மேலே துடைத்தால் மட்டும் போதாது. டூலைச் சாய்கோணத்திலும் நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடு, கிராஸ் ஸ்லைடு இரண்டையும் கழற்றுங்கள். ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது தலையைச் சொறிய வேண்டியதில்லை. உள்ளே இரும்புத் தூளும், சில சமயம் வார்ப்பு மணலும் இருக்கும். ஸ்லைடு ஓரங்களை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். எங்கே பிசிறு தட்டுப்படுகிறதோ அங்கே நைஸ் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஓரத்தை மட்டும்தான் தொட வேண்டும், உரசும் பரப்பை அரத்தால் தொடவே கூடாது.

பிறகு 68 கிரேடு ஸ்லைடுவே ஆயிலை எல்லா உரசும் பரப்பிலும் மெல்லிய படலமாகப் பூசிப் பூட்டுங்கள். பெட்டில் கிரீஸ் வேண்டாம். இரும்புத் தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி பெட்டையே தேய்க்கும். பல்சக்கரங்களுக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் பெட்டிலும் சக்கிலும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்புத் துடைக்க வேண்டும். மூடி வைக்கப் பருத்தித் துணி நல்லது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துத் துருவைக் கூட்டும்.

ஸ்லைடின் ஆட்டம்

பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. கிராஸ் ஸ்லைடின் பக்கவாட்டில் மூன்று நான்கு சின்னத் திருகுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூட்டு நட். அந்தத் திருகுகள் உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புப் பட்டையை அழுத்துகின்றன. ஜிப் என்பது அந்தப் பட்டைதான்.

எல்லா நட்டையும் தளர்த்துங்கள். நடுத் திருகிலிருந்து தொடங்கி, ஸ்லைடு நகர மறுக்கும்வரை இறுக்குங்கள். பிறகு கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். ஒரே சீரான இழுப்பு இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போகவும் கூடாது, விக்கி விக்கிப் போகவும் கூடாது. அடுத்த திருகுக்கும் அப்படியே. இனித்தான் எரிச்சலான கட்டம். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றும், வைத்த அளவு மாறும். ஆலன் கீயால் திருகைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் நட்டை முடுக்குங்கள். மாறிவிட்டால் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் டூல் மாட்டும் டூல் போஸ்ட்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ‘டொக்’ என்று ஒரு சின்னச் சத்தம்கூட வரக் கூடாது. காம்பவுண்டுக்கும் இதே முறை. இந்த ஸ்லைடுகளைச் சுமந்து நீளவாக்கில் ஓடும் கேரேஜ் பெட்டிலிருந்து மேலே எழும்பாமல் பிடிக்கும் பட்டைகள் அடியில் இருக்கும், அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் அரை நாள் ஆகும். பிறகு வரப்போகும் பல சிக்கல்கள் இந்த அரை நாளிலேயே தீர்ந்துவிடுகின்றன.

கரண்ட் கொடுத்து ஓட்டுவது

எர்த் உள்ள மூன்று பின் பிளக் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடு பங்கு போட வேண்டாம். இந்த லேத்துகளில் டி.சி. மோட்டாரும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க எலக்ட்ரானிக் போர்டும் இருக்கின்றன. அந்த போர்டுதான் முதலில் போகிற உறுப்பு. அதனால் சுவிட்சைப் போடும் முன் வேகக் குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், போட்ட பிறகு மெல்லக் கூட்ட வேண்டும். முன்னோட்டம் பின்னோட்டம் மாற்றுவது, ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட் ஸ்டாக்கின் பின்னால் இருக்கும் ஹை-லோ கியர் நெம்புகோலை மாற்றுவது எல்லாம் ஸ்பிண்டில் முழுதாக நின்ற பிறகுதான். பல மாடல்களில் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் கியர். ஓட்டத்தில் மாற்றினால் பல் போய்விடும்.

லோ கியரில் மெதுவாக ஒரு பத்து நிமிடம், கொஞ்சம் கூட்டி ஒரு பத்து நிமிடம், பிறகு பின்பக்கமாகவும் ஓட்டுங்கள். ஹெட் ஸ்டாக்கில் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடென்றால் பேரிங் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை: இந்த மினி லேத்துகளில் சக் பின்னாலிருந்து மூன்று நட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும், எனவே பின்னோட்டம் பரவாயில்லை. பழைய மைஃபோர்டு மாதிரி, மரை போட்ட ஸ்பிண்டிலில் சக்கைத் திருகி மாட்டும் லேத் உங்களிடம் இருந்தால், பின்னோட்டத்தில் வெட்டினால் சக் கழன்று வரலாம்.

ஓட்டிப் பார்க்கும் அன்றே கிராஸ் ஸ்லைடு டயலையும் சோதித்துவிடுங்கள். டயலில் 1 மி.மீ. சுற்றினால் டூல் 1 மி.மீ. நகர்கிறதா, அரை மி.மீ. நகர்கிறதா? சில லேத்தில் டயல் ஆழத்தைக் காட்டும், சிலவற்றில் விட்டத்தில் குறைவதைக் காட்டும். ஆழத்தைக் காட்டும் டயலில் 0.5 வைத்தால் விட்டம் 1 மி.மீ. குறையும். இது தெரியாமல் வெட்டினால் முதல் ஜாப்பே (கடையும் பொருள்) இளைத்துவிடும். பேக்லாஷும் இருக்கும்: கைப்பிடியைத் திசை மாற்றினால் கொஞ்ச தூரம் டயல் மட்டும் சுற்றும், ஸ்லைடு நகராது. எனவே அளவு வைக்கும்போது எப்போதும் ஒரே பக்கமாக வந்து நிறுத்த வேண்டும். தாண்டிப் போய்விட்டால் அரைச் சுற்று பின்வாங்கித் திரும்ப வாருங்கள்.

உடம்பில் எதுவும் தொங்கக் கூடாது

சின்ன லேத் என்றாலும் ஒரு சட்டைக் கையை இழுத்துச் சுற்ற அதற்குப் பலம் போதும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுக் கயிறு, மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி, துப்பட்டா, அவிழ்த்துவிட்ட தலைமுடி எதுவும் வேண்டாம். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். லேத்தில் அது நேர்மாறு, துணி மாட்டினால் விரலோடு போகும். கண்ணாடி மட்டும் கட்டாயம், பித்தளை வெட்டும்போது இன்னும் கட்டாயம்: அது ஊசித் தூளாகத் தெறிக்கும்.

சக்கை இறுக்கும் சக் கீ விஷயத்தில் ஒரே பழக்கம்தான். கை சக் கீயை விடும்போது அது சக்கில் இருக்கவே கூடாது. இறுக்கியதும் எடு, மேசையில் வை, அப்புறம்தான் அடுத்த காரியம். சக்கில் கீ இருக்க மோட்டாரைப் போட்டால் அது எங்கே போய் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சுருளைக் கையால் இழுக்காதீர்கள். எஃகுச் சுருள் பிளேடு போல அறுக்கும். பழைய சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கொக்கி செய்துகொள்ளுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு அந்தக் கொக்கியால் இழுங்கள். சுற்றுகிற ஜாப்பில் துணியை வைத்துத் துடைப்பதும் ஆபத்து. ஓரம் மழுக்க அரம் பிடிக்கும்போது, பிடி போட்ட அரமாக இருக்கட்டும், பிடியை இடது கை பிடிக்கட்டும். அப்போதுதான் கை சக்குக்கு மேலாகப் போகாது.

டூல்

பெட்டியோடு வரும் கார்பைடு முனை ஒட்டிய டூல்களை ஓரமாக வைத்துவிடுங்கள். பெரும்பாலும் அவை முழுதாகச் சாணை பிடிக்கப்படாமலே வரும், சாதாரணச் சாணைக்கல்லில் பிடிபடவும் மாட்டா. தொடங்குபவருக்கு 8 மி.மீ. ஹை ஸ்பீடு ஸ்டீல் பிட் இரண்டு போதும். மிராண்டா போன்ற பிராண்டுகள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இவற்றைக் கூர்மையாகப் பிடிக்கலாம். கூர்மையான டூலுக்கு அழுத்தம் குறைவாகத் தேவை. ஆட்டத்தோடு போராடும் சின்ன லேத்துக்கு அதுதான் வேண்டும்.

சாணை பிடிப்பதை ஒரு டர்னரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. அம்பத்தூரிலும் கோவை கணபதியிலும் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. மற்ற ஊர்களிலும் தேடினால் ஒன்றிரண்டு கிடைக்கும். வேலை இல்லாத நேரமாகப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கணக்குக்கு: முன்பக்கமும் இடப்பக்கமும் வெட்டும் விளிம்புக்குக் கீழே 8 முதல் 10 டிகிரி சரிவு. மேல்பரப்பில் எஃகுக்கு 12 முதல் 15 டிகிரி பக்கச் சரிவு, பித்தளைக்கு மேலே சரிவே வேண்டாம், தட்டையாக விடுங்கள். முனையை எண்ணெய்க் கல்லில் மெல்ல உருட்டி மிகச் சிறிய வளைவு கொடுங்கள். ஊசிமுனையாக விட்டால் ஜாப்பில் மரை போட்டது போலக் கோடு விழும்.

டூல் முனையின் உயரம் ஸ்பிண்டில் மையத்துக்கு நேராக இருக்க வேண்டும். இதைப் பார்க்க எளிய வழி ஆறு இஞ்ச் இரும்பு ஸ்கேல். சக்கில் உருண்டையான ராடு ஒன்றைப் பிடித்து, ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவே ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து, கிராஸ் ஸ்லைடை மெல்ல முன்னே நகர்த்தி லேசாக அழுத்திப் பிடியுங்கள். ஸ்கேல் நேராக நின்றால் உயரம் சரி. ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வாக இருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. தாழ்வென்றால் அடியில் ஹாக்ஸா பிளேடு துண்டு, தகடு என்று பேக்கிங் கொடுத்து ஏற்றுங்கள். மெஷினோடு வரும் நான்கு பக்க டூல் போஸ்ட்டில் ஒவ்வொரு டூலுக்கும் இந்த வேலை உண்டு. சரியான பேக்கிங்கை அந்தந்த டூலோடு ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த தடவை மிச்சம். குவிக் சேஞ்ச் டூல் போஸ்ட் வாங்கினால் இந்தத் தலைவலி தீரும், ஆனால் முதல் மாதம் அவசியமில்லை.

டூல் போஸ்ட்டுக்கு வெளியே முனை எவ்வளவு குறைவாக நீள்கிறதோ அவ்வளவு நல்லது. 8 மி.மீ. பிட் என்றால் 10, 12 மி.மீ. போதும்.

வேகம்

ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கணக்கு சுலபம்: 318-ஐ வெட்டு வேகத்தால் பெருக்கி, விட்டத்தால் வகுங்கள். வெட்டு வேகம் நிமிடத்துக்கு மீட்டரில், விட்டம் மி.மீ.யில். ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலுக்குச் சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) 25 மீட்டர், பித்தளை 45 முதல் 60, அலுமினியம் 60-க்கு மேல், வார்ப்பிரும்பு 18, ஸ்டெயின்லெஸ் 12 முதல் 15. அப்படியென்றால் 25 மி.மீ. எம்.எஸ். ராடுக்கு 318 ஆர்.பி.எம்., 12 மி.மீ. அலுமினியத்துக்கு சுமார் 1,600. இது ஆரம்பப் புள்ளிதான். சுருள் நீலமாகக் கருகினால் வேகத்தைக் குறையுங்கள்.

ஆழம் எம்.எஸ்.ஸில் 0.25 முதல் 0.5 மி.மீ., அலுமினியத்தில் 1 மி.மீ. வரை. இதற்கு மேல் பேராசை வேண்டாம்.

பொருளைப் பற்றி: எம்.எஸ்.ஸில் இ.என்.1ஏ பிரைட் பார் கேட்டு வாங்குங்கள், வெட்டுவதற்கென்றே செய்த எஃகு அது, சுத்தமாக வெட்டுப்படும். வீடு கட்டி மிஞ்சிய டி.எம்.டி. கம்பியில் பழகலாம் என்று தோன்றும். அதன் மேல்தோலைத் தண்ணீர் பாய்ச்சிக் கடினமாக்கியிருப்பார்கள். டூல் மழுங்கும், மனமும் வெறுத்துப்போகும். பழைய ஸ்பிரிங், பேரிங் துண்டுகளும் அப்படித்தான். லேத் பட்டறைகளில் மீதத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். எம்.எஸ்.ஸுக்குக் கட்டிங் ஆயிலைப் பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். பித்தளைக்கு ஒன்றும் வேண்டாம்.

பெட் முறுக்கைப் பார்ப்பது

முதல் வெட்டை வீணாக்காமல் இதற்கே பயன்படுத்திவிடலாம். 25 மி.மீ. அலுமினிய ராடைச் சக்கில் 100 மி.மீ. வெளியே நீட்டிப் பிடியுங்கள். மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் வேண்டாம். நடுப்பகுதியை 1 மி.மீ. குறைத்துவிட்டு, இரண்டு முனையிலும் 10 மி.மீ. அகல வளையங்களாக விடுங்கள். இப்போது கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், ஒரே ஆழத்தில் 0.05 மி.மீ. அளவுக்கு இரண்டு வளையங்களையும் ஓர் ஓட்டத்தில் வெட்டி, மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வெர்னியர் இதற்குப் போதாது.

இரண்டும் 0.02 மி.மீ.க்குள் ஒத்திருந்தால் கும்பிட்டுவிட்டு மேலே போங்கள். வெளிமுனை பெரியதாக இருந்தால், டெயில் ஸ்டாக் பக்கத்தில் உங்கள் பக்கமுள்ள காலுக்கடியில் பேக்கிங் கொடுங்கள். அந்தப் பக்கம் ஏறினால் டூல் ஜாப்பை நோக்கிச் சாயும், வெளிமுனை இளைக்கும். வெளிமுனை சிறியதாக இருந்தால் எதிர்ப்பக்கக் காலுக்கு. குளிர்பானக் கேனைக் கத்தரித்த தகடு சுமார் 0.1 மி.மீ. இருக்கும், இதற்குக் கச்சிதம். ஒரு தகடு போட்டு, இறுக்கி, திரும்ப வெட்டி, அளந்து பார்ப்பதுதான் வழி.

முதல் ஜாப்: தூக்குக்குண்டு

பழகுவதற்கு ஒரு பொருள் செய்தால்தான் உருப்படியாகப் பழகும். சின்னத் தூக்குக்குண்டு நல்ல தேர்வு. ஃபேஸிங் (முகத்தைத் தட்டையாக்குவது), டர்னிங் (விட்டத்தைக் குறைப்பது), துளை, மரை, டேப்பர் (கூம்புச் சரிவு) எல்லாம் ஒரே ஜாப்பில் வந்துவிடும். குண்டின் விட்டமும் சுவரில் வைக்கும் கட்டையின் அளவும் ஒன்றாக இருந்தால்தான் அது வேலை செய்யும் என்பதால், அளவு பிடிக்கவும் கை பழகும்.

25 மி.மீ. எம்.எஸ். ராடில் 100 மி.மீ. துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். 100 மி.மீ. சக் இருந்தால் சிக்கலில்லை. 80 மி.மீ. சக்கில் சாதாரண ஜா (பிடிக்கும் தாடை) 22 மி.மீ. வரைதான் பிடிக்கும் என்பதால், 20 மி.மீ. ராடு எடுத்து எல்லா அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள். சக்கில் 25 மி.மீ. உள்ளே, 75 வெளியே. மூன்று துளையிலும் சக் கீயைப் போட்டு இறுக்குவது நல்ல பழக்கம். மோட்டாரைப் போடும் முன் சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, ஜா எங்கும் டூல் போஸ்ட்டில் இடிக்கவில்லை என்று பாருங்கள்.

முதலில் ஃபேஸிங். 300 ஆர்.பி.எம்.; டூலை முகத்தில் தொடவைத்து, 0.2 மி.மீ. உள்ளே கொடுத்து, கேரேஜைப் பூட்டிவிட்டு, கிராஸ் ஸ்லைடை ஓரத்திலிருந்து மையத்துக்கு ஒரே சீராக நகர்த்துங்கள். மையத்தில் ஒரு சின்ன முளை மிஞ்சினால் டூல் உயரம் இன்னும் சரியில்லை. பேக்கிங்கைத் திருத்திக்கொண்டு திரும்ப வெட்டுங்கள்.

அடுத்து டெயில் ஸ்டாக்கில் டிரில் சக் மாட்டி, மையத்தில் சின்னக் குழி போடும் சென்டர் டிரில். அதன் கூம்புப் பகுதி பாதி இறங்கினால் போதும். பிறகு டிரில் சக்கை எடுத்துவிட்டு ஜாப்போடு கூடவே சுற்றும் ரிவால்விங் சென்டரை மாட்டி ராடின் முனையைத் தாங்குங்கள். விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வெளியே நீளும் எதற்கும் இந்தத் தாங்கல் தேவை, 75 மி.மீ. சரியாக அந்த எல்லையில் இருக்கிறது.

இப்போது டர்னிங். 0.2 மி.மீ. ஆழத்தில் ஒரு ஓட்டம் விட்டு, மெஷினை நிறுத்தி, அளந்து பாருங்கள். சுற்றும் ஜாப்பில் வெர்னியரை வைக்காதீர்கள். 24.2 மி.மீ. வந்ததும் டூலை எண்ணெய்க் கல்லில் ஒருமுறை தீட்டி, ஆயில் தொட்டு, கடைசி இரண்டு ஓட்டங்களில் 24.00-க்கு வாருங்கள். கடைசி ஓட்டத்துக்கு ஃபீட் (டூலை நகர்த்தும் வேகம்) மெதுவாக. இங்கே டெயில் ஸ்டாக் பக்கம் தடித்து, சக் பக்கம் இளைத்து வந்தால், பெட் முறுக்கை ஏற்கெனவே சரிபார்த்துவிட்டதால் குற்றவாளி டெயில் ஸ்டாக்தான். அதைச் சற்று உங்கள் பக்கம் நகர்த்திப் பூட்ட வேண்டும்.

டெயில் ஸ்டாக்கைப் பின்னுக்குத் தள்ளி, 5 மி.மீ. டிரில்லால் 20 மி.மீ. ஆழம் துளை. கொஞ்சம் போய், வெளியே எடுத்து, சுருளைத் தட்டிவிட்டு, திரும்பப் போக வேண்டும். பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, உள் மரை வெட்டும் எம்.6 டேப். டேப்பை டெயில் ஸ்டாக் டிரில் சக்கில் பிடித்து, ஜாப் இருக்கும் சக்கைக் கையால் சுற்றிச் சுற்றி 12 மி.மீ. இறக்குங்கள், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. டெயில் ஸ்டாக்கைப் பூட்ட வேண்டாம், டேப்போடு அதுவும் வழுக்கி வரட்டும். துளையும் மரையும் விட்டமும் ஒரே பிடியில் முடிந்ததால் மூன்றுக்கும் மையம் ஒன்றே. நூல் தொங்கும்போது குண்டு நேராக நிற்பதற்கு அதுதான் காரணம். சக்கிலிருந்து கழற்றித் திரும்பப் பிடித்திருந்தால் 0.05, 0.1 என்று அவுட் அடித்திருக்கும் (மையம் விலகிச் சுற்றியிருக்கும்), மூன்று ஜா சக்கின் இயல்பே அது.

இனி 72 மி.மீ. நீளத்தில் வெட்டி எடுக்க வேண்டும். பார்ட்டிங் டூலால் 24 மி.மீ. எஃகை அறுக்க மினி லேத்தில் முயலாதீர்கள். டூல் கடித்துக்கொண்டு உடையும், அல்லது ஜாப் எகிறும். கழற்றி வைஸில் பிடித்து ஹாக்ஸாவால் அறுப்பது ஐந்து நிமிட வேலை.

திருப்பிப் பிடிக்கும்போது, கடைந்த பரப்பில் ஜா தழும்பு விழாமல் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றிப் பிடியுங்கள். முகத்தை ஃபேஸிங் செய்து 70 மி.மீ.க்குக் கொண்டுவந்து, காம்பவுண்டை 30 டிகிரி திருப்பிப் பூட்டுங்கள். கேரேஜையும் பூட்டிவிட்டு, காம்பவுண்டுக் கைப்பிடியை மட்டும் சுற்றி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிராஸ் ஸ்லைடில் 0.3 மி.மீ. கொடுத்து, சரிவு 15 மி.மீ. நீளம் வரும்வரை வெட்டுங்கள். இரண்டு கையாலும் மாறி மாறிச் சுற்றி நிறுத்தாமல் போனால் பரப்பில் கோடு விழாது. முடிந்த குண்டு 200 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும்.

மேலே மாட்ட ஒரு பித்தளை எம்.6 போல்ட், அதைச் செம்புத் தகடு சுற்றிச் சக்கில் பிடித்து நடுவே 2 மி.மீ. துளை. நூலை அதில் கோர்த்து அடியில் முடிச்சுப் போட்டு குண்டில் திருகுங்கள். சுவரில் வைக்கும் கட்டைக்கு அலுமினிய ராடில் 24 மி.மீ. விட்டம், 15 மி.மீ. கனத்தில் ஒரு வட்டு, நடுவே 2 மி.மீ. துளை. இரண்டின் விட்டமும் 0.02-க்குள் ஒத்துவருகிறதா பாருங்கள். கொத்தனாருக்கு அரை மி.மீ. வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. இந்தத் துல்லியம் நம் கைக்காக.

கோளாறு வந்தால்

வெட்டும்போது கீச்சென்று கத்தி, பரப்பில் அலை அலையாக வரி விழுந்தால் ஜாப்போ டூலோ உதறுகிறது. பார்க்க வேண்டிய வரிசை: டூல் வெளியே அதிகம் நீள்கிறதா, ஜிப் தளர்ந்ததா, ஜாப் தாங்கலில்லாமல் நீள்கிறதா, டூல் முனையின் வளைவு பெரிதா. அதன் பிறகுதான் வேகத்தைக் குறைப்பது. ஃபீட்டைக் கொஞ்சம் கூட்டினாலும் சில சமயம் அடங்கும். பயந்துபோய் மெல்ல மெல்ல நகர்த்துவதுதான் பல நேரம் உதறலை வளர்க்கிறது.

பரப்பு பிய்த்தெடுத்தது போல் இருந்தால் டூல் மழுங்கிவிட்டது, அல்லது உலோகத் துணுக்கு முனையில் ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் இது அடிக்கடி நடக்கும். மெஷினை நிறுத்தி, ஒட்டியதைத் தட்டிவிட்டு, மண்ணெண்ணெய் தொட்டு வெட்டுங்கள்.

மோட்டார் உறுமி நின்றுவிட்டால் உடனே வேகக் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து சுவிட்சை அணையுங்கள். நின்ற மோட்டாரில் கரண்ட் பாய்ந்துகொண்டே இருந்தால் போர்டு போய்விடும். பிறகு டூலைப் பின்னுக்கு எடுத்து, ஆழத்தைப் பாதியாக்கி, லோ கியரில் தொடங்குங்கள்.

சக்கில் பிடித்த ராடு திடீரென்று முன்பைவிட அதிகமாக அவுட் அடித்தால், சக்கைக் கழற்றி அதன் பின்முகத்தையும் ஸ்பிண்டில் முகத்தையும் துடையுங்கள். நடுவே ஒரு இரும்புத் துணுக்கு சிக்கியிருந்தாலே போதும். ஜாவைக் கழற்றி மாட்டியிருந்தால், அதில் பொறித்திருக்கும் 1, 2, 3 வரிசைப்படி திரும்பப் போயிற்றா என்றும் பாருங்கள்.

லேத்திலேயே மரை வெட்டுவது, சேஞ்ச் கியர் மாற்றுவது எல்லாம் இந்த அளவு கைவந்த பிறகு. அதுவரை டேப்பும், வெளி மரை வெட்டும் டையும் போதும்.